காலி இடமும் ஒரு சேமிப்பே
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

நிறைந்திருப்பதே செல்வம் என்பது பொதுவான எண்ணம். கணினி வட்டில் காலியாக விடும் இடமும் செல்வமே என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஓசூரில் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் என் தந்தையார் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார். பெங்களூரிலிருந்து ஆர்டர்கள் மின்னஞ்சலில் வரும். சென்ற ஆண்டு அங்கே அஞ்சல் சர்வரின் வட்டு நிரம்பி வந்தது. பழைய அஞ்சல்களை அழித்தார்கள், இடம் கூடவில்லை. மறுநாள் சர்வரே நின்றது. புது வட்டு வரும்வரை இரண்டு நாள் வேலையில்லை. அப்பாவுக்குக் கூலியும் இல்லை. அதன் பிறகே இப்பொருளைக் கருத்தூன்றிப் படித்தேன்.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் போன்ற சர்வரில் பலருடைய அஞ்சல்களும் ஒரே பெரிய கோப்பினுள் இருக்கின்றன. அழித்தால் கோப்பினுள் வெற்றிடம் உண்டாகும். புதிய அஞ்சல்கள் அங்கே அமரும். ஆனால் கோப்பு சுருங்காது. மேலும், அழிப்பது உட்பட ஒவ்வொரு செயலும் 'லாக்' என்னும் பதிவுக் கோப்புகளில் ஏறும். பொதுவாகக் காப்புப்படி எடுத்த பின்பே அவை நீங்கும். எனவே அழிக்க அழிக்க வட்டு மேலும் நிரம்பும்!

கோப்பைச் சுருக்க, அதைப் புதிய கோப்பாகப் படியெடுக்க வேண்டும். முடியும்வரை பழையதும் இருக்கும். அதற்குக் கோப்பின் அளவில் 110 விழுக்காடு காலியிடம் வேண்டும் என்பது விதி.

நம் மாவட்டத்திலேயே இதற்கு உவமை உண்டு. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்தது. தேங்கிய நீரை ஆற்றில் விட்டே புது மதகு பொருத்த முடிந்தது. அஞ்சலை அப்படி ஆற்றில் விட முடியுமா?

கணக்கிடுவோம். கோப்பு 200 ஜிபி. நாளொன்றுக்கு லாக் 6 ஜிபி என்க. காப்புப்படி ஒரு வாரம் தவறினாலும் தாங்க 42 ஜிபி. சுருக்குவதற்கு 220 ஜிபி. மீட்பதற்கோ காப்புப்படியை விரிக்க 200, லாக்கிற்கு 42, ஆக 242 ஜிபி. இரண்டும் ஒரே வேளையில் நிகழா. பெரியதை ஒதுக்கினால் போதும். மொத்தம் 484 ஜிபி. வளர்ச்சியையும் எண்ணி 600 என்று வைப்பது நலம்.

காப்புப்படி வேறிடத்தில் இருக்க வேண்டும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் மென்பொருள் பிழையால் சிலரது அஞ்சல்கள் மறைந்தன. காந்த நாடாவில் தனியே வைத்த படிகளிலிருந்தே அவை மீட்கப்பட்டன.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை இத்தகைய சர்வர்களைக் காக்கப் போகிறோம். வட்டு வாங்கும் நாளில் இக்கணக்கை நாம் போடாவிட்டால், இயந்திரம் ஓட்டுபவர் தம் கூலியில் அதைத் தீர்க்க நேரும்.