சுவரில் நின்ற முக்கோணம் மனதில் நின்றதா?



நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் ஓர் அல்வாக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பத்திரிகையில் விளம்பரம் செய்து வளர்ந்த கடையும் இல்லை. சாயங்காலம்தான் கதவைத் திறப்பார்கள். மங்கிய ஒற்றை விளக்கில் வியாபாரம் நடந்ததால் ஜனங்களே அதற்கு 'இருட்டுக்கடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சென்னையில் இருக்கும் பிள்ளைக்குக்கூட அந்தப் பெயர் தெரியும். ஒரு பெயர், ஓர் இடம், ஒரு ருசி. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததால் மனதில் ஒட்டிக்கொண்டது.

நம் குடும்ப நலத் திட்டமும் ஒரு காலத்தில் இப்படித்தான் மனதில் ஒட்டப் பார்த்தது. அந்தக் கதையை இன்று சொல்லுகிறேன். அது எதை நமக்கு நினைவில் வைத்தது, எதைச் சொல்லாமல் விட்டது என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக்கு உபயோகப்படும்.

1960களில் நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதி. மொழிகளோ பல. எல்லோருக்கும் எந்த எழுத்தில் சொல்வது? அப்போது மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் விளம்பரப் பகுதியைக் கவனித்தவர் தீப் தியாகி என்ற அதிகாரி. அவர் முன்னின்று கொண்டுவந்ததுதான் தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம். எந்த ஊர்ப் பெயிண்டரும் ஒரு மட்டப்பலகையை வைத்து வரைந்துவிடலாம். பஸ்ஸில் போகிறவர் கண்ணிலும் படும். கூடவே அப்பா, அம்மா, பையன், பெண் என்று நான்கு முகங்கள். 'இரண்டு அல்லது மூன்று போதும்' என்று முதலில் எழுதினார்கள். பிறகு 'நாம் இருவர், நமக்கு இருவர்' வந்தது. நான் ஆரம்பப் பள்ளியில் படித்த நாளில் வாய்ப்பாட்டுக்கு முன்னால் இந்த வாசகம்தான் எங்கள் வாயில் வந்தது. அர்த்தம் தெரியாது, ஓசை பிடித்துப் போயிற்று.

1968இல் 'நிரோத்' ஆணுறை வந்தது. மூன்று கொண்ட பாக்கெட் 15 காசு. இதில் விலையைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தேயிலை, சோப்பு, சிகரெட், டார்ச் கட்டை விற்கும் பெரிய கம்பெனிகளின் வண்டியிலேயே அதையும் ஏற்றி அனுப்பினார்கள். சுவரில் பார்த்த பொருள் தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைத்தது. பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. முதலில் மன்மதனை நினைத்து 'காமராஜ்' என்று வைக்க யோசித்தார்களாம். அப்போது காங்கிரஸ் கட்சிக்குத் தலைவர் யார்? நம் விருதுநகர் காமராஜர்! யோசனை அதோடு நின்றது.

இப்படி ஒட்டிக்கொண்ட முக்கோணத்துக்கு ஒரு கெட்ட காலமும் வந்தது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை. 1976-77 ஒரே ஆண்டில் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள். பெரும்பாலும் ஆண்களுக்கு. பல மாநிலங்களில் கட்டாயப்படுத்தினார்கள். 1977இல் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரை 'குடும்ப நலம்' என்று மாற்றினார்கள். ஆனால் பயமும் மனதில் பதிகிற சரக்குதானே? அதற்குப் பிறகு ஆண்கள் இந்தப் பக்கம் திரும்பவே தயங்கினார்கள். இன்று தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட தம்பதிகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர் மனைவி. கணவர் செய்துகொண்டது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

நான் வேலைக்கு வந்தது 1990களில். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஊரில் கோயில் கொடை முடிந்த மறுவாரம் வில்லுப்பாட்டு ஏற்பாடு செய்திருந்தோம். வில்லுப்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. தலைமைப் பாடகர் ஒரு சேதி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். கொஞ்ச நேரத்தில் கேட்கிற ஜனமும் சேர்ந்து 'ஆமா' போடும். வாயால் பதில் சொன்ன சேதி லேசில் மறக்காது. மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் ஒரு தாயைப் பார்த்தேன். நான்கு பிள்ளைகள், இடுப்பில் ஒன்று, கண் இமைக்குள்ளே வெளுத்துச் சோகை பிடித்த முகம். பாட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். முழுதும் பாடிக் காட்டிவிட்டு, "பாட்டெல்லாம் தெரியுது சார். எங்க போகணும், யார்ட்ட கேக்கணும்னுதான் சொல்லலியே?" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும், பாட்டு முடிந்ததும் கிராம சுகாதார செவிலியரை மேடையில் ஏற்றி, "இந்த அம்மாதான், எந்தக் கிழமை எங்கே இருப்பார்" என்று சொல்லிய பிறகே கீழே இறங்குவேன்.

நான்கு முகப் படத்திலும் ஒரு குறை. இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள ஒரு கணவர் என்னிடம், "படத்துல ஆம்பளப் பிள்ளை இருக்கே அண்ணாச்சி, எங்களுக்கு இன்னும் வரலியே" என்று கேட்டார். அவர் கேள்வி நியாயம். படம் அப்படித்தான் சொன்னது! இரண்டும் பெண்ணாய் ஒரு படம் போட்டிருக்கலாம். ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் உயிரணுவைப் பொறுத்தது. அதற்காக மனைவியைக் குறை சொல்லி மூன்றாவது, நான்காவது பிரசவத்துக்கு அனுப்புவது பாவம். இன்னொரு ஊரில் சின்னக் குடும்பம், பெரிய வீடு என்று படம் காட்டினேன். ஒரு பாட்டி, "ஐயோ பாவம், அவ்வளவு பெரிய வீட்ல ரெண்டே பிள்ளையா?" என்று உச்சுக் கொட்டினாள்.

சுவர் சொல்லாததை நர்ஸம்மாவிடம் கேளுங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஆண்களுக்குக் கத்தியில்லாமல், தையலில்லாமல் செய்யும் கருத்தடை இருக்கிறது. பெண்களுக்குச் செய்வதைவிடச் சுலபம், அன்றே வீட்டுக்கு வரலாம். உடல் பலமோ ஆண்மையோ குறையாது. ஆனால் செய்த உடனே பலன் கிடைக்காது. மூன்று மாதம் ஆணுறை போன்ற வேறு முறை வேண்டும். அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து டாக்டர் சரியென்று சொல்ல வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாத்திரையில் நினைவுக்கென்றே செய்த ஓர் ஏற்பாடு உண்டு. 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரை. 21 கருத்தடை மாத்திரை, 7 இரும்புச் சத்து. அந்த ஏழு நாளும் கருத்தடை மருந்து தேவையில்லை. ஆனாலும் விழுங்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது, இரத்தமும் ஊற வேண்டும் என்று சேர்த்து வைத்தார்கள். புத்திசாலி யாரோ செய்த வேலை.

'சாயா' என்ற மாத்திரை தினமும் வேண்டாம். மாதவிலக்கின் முதல் நாள் ஆரம்பித்து முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. முதல் மாத்திரை வெள்ளிக்கிழமை என்றால் அடுத்தது திங்கட்கிழமை. மூன்று மாதம் கழித்து வெள்ளி மட்டும். எங்கள் பக்கத்தில் ஒரு தாய் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் மாடத்திலேயே அட்டையை வைத்துவிட்டாள். திங்கட்கிழமைதான் மறந்துபோகுது என்றாள். அவள் கணவர் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, மூன்று மாதத் திங்கட்கிழமைகளில் எல்லாம் சிவப்புப் பேனாவால் சின்னச் சின்ன முக்கோணம் போட்டு மறுபடி மாட்டினார்.