கல்லின் தூசி நெஞ்சில் தங்கும்
சிலிக்கா தூசியிலிருந்து தொழிலாளரைக் காப்பது எப்படி?

"சாமி, எங்க வீட்டுக்காரருக்கு ஆறு மாசம் காசநோய் மருந்து குடுத்தாங்க. ஒரு நாளும் விடாம குடிச்சாரு. மருந்து முடிஞ்சும் மூச்சு வாங்கிறது நிக்கல. மேடு ஏற முடியல. நாங்க இன்னும் என்ன செய்யணும்?"

யட்டவத்தயில் நடந்த ஒரு குடும்பக் கூட்டத்தில் ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய கணவர் பயிர்ச்செய்கையை விட்டு வந்தபின் பல ஆண்டுகள் கல் உடைத்தவர். என்ன வேலை செய்தீர் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. அவரும் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தத் தாய்க்கு நாம் அன்று முழுமையாகப் பதில் சொல்லவில்லை. இப்பாடத்தை அதற்காகவே எழுதுகிறோம்.

நிலம் இருந்தபோது நமக்கு மண்ணைத் தெரியும், மழையைத் தெரியும். நிலத்தை விட்டு வந்தபின் கையிலுள்ள பலமே முதல். கல் உடைத்தல், கிணறு வெட்டுதல், வீதி வேலை, கட்டட வேலை என்று கிடைத்ததைச் செய்கிறோம். வயலில் பாம்பு எங்கே இருக்கும் என்று அறிந்திருந்த நாம், கல்லில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே அதன் முன் உட்காருகிறோம்.

சிலிக்கா என்றால் என்ன?

மணலிலும் பெரும்பாலான கற்களிலும் இருக்கும் ஒரு பொருளே சிலிக்கா. சிங்களத்தில் 'திருவானா' என்று சொல்லப்படும் வெள்ளைப் படிகக்கல் ஏறக்குறைய முழுவதும் சிலிக்காவே. வீடு கட்டவும் வீதி போடவும் உடைக்கும் கருங்கல்லிலும் அது கணிசமாக உண்டு. மாத்தளை மாவட்டத்தில் படிகக்கல்லும் உண்டு, கருங்கல்லும் உண்டு, சூளைக்குப் போகும் சுண்ணக்கல்லும் உண்டு. சுண்ணக்கல்லில் பொதுவாகச் சிலிக்கா குறைவு. சுண்ணாம்புத் தூசி கண்ணையும் தோலையும் எரிக்கும். அதற்கும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் இப்பாடம் சொல்லும் நோயைத் தருவது சிலிக்கா தூசியே.

கல் கல்லாகக் கிடக்கும்வரை அதனால் தீங்கில்லை. உடைக்கும்போதும், துளைக்கும்போதும், அரைக்கும்போதும், வெட்டும்போதும் எழும் தூசியிலேயே ஆபத்து இருக்கிறது. அந்தத் தூசியிலும் கண்ணுக்குத் தெரிவது பெரிய எதிரியல்ல. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியோடு வெளியே தள்ளிவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கிலும் சிறிய துகள்கள் கண்ணுக்குத் தெரியாது. அவை காற்றில் நெடுநேரம் மிதந்து நுரையீரலின் அடிவரை போய்விடும்.

எவ்வளவு தூசி ஆபத்தானது? அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு விதித்த எல்லைப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீற்றர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நுண்தூசி இருக்கக்கூடாது. ஒரு நாள் வேலையில் ஒருவர் சுமார் பத்துக் கன மீற்றர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதற்கும் சேர்த்து அரை மில்லிகிராம் ஆகிறது. அது ஏழெட்டு உப்புப் பரல்களின் எடை. அவ்வளவே எல்லை.

நெஞ்சினுள் என்ன நடக்கிறது?

நுரையீரலில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்கள் உள்ளன. அவை சிலிக்கா துகளையும் விழுங்குகின்றன. ஆனால் அதைச் செரிக்க முடியாமல் தாமே இறக்கின்றன. துகள் அப்படியே இருக்கும். அடுத்த காவல் அணு வரும், அதுவும் இறக்கும். இந்தப் போராட்டம் நடந்த இடமெல்லாம் தழும்பு விழுகிறது. மிருதுவாக விரிய வேண்டிய நுரையீரல் காய்த்துப்போன உள்ளங்கை போலாகிறது. இதற்கே சிலிக்கோசிஸ் என்று பெயர்.

பெரும்பாலும் இந்நோய் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த பின்னரே தெரியவரும். தூசி மிக அதிகமானால் ஐந்து ஆண்டுகளிலும் வரலாம். படிகக்கல்லை மாவாக அரைக்கும் இடங்களில் சில மாதங்களிலேயே வந்ததும் உண்டு. முதலில் வறட்டு இருமல், பின் மேடு ஏறும்போது மூச்சு வாங்குதல், பின் மெலிவு. தழும்பை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்ட பின்னும் நோய் வளரலாம். 1997ஆம் ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் ஒன்றாக உறுதிப்படுத்தியது.

காசநோய்க்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. சிலிக்காவால் பழுதான நெஞ்சில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறும். எக்ஸ்ரே படத்திலும் ஒன்று மற்றதைப்போலத் தோன்றலாம். ஆகவே காசநோய் மருந்து தரப்பட்டால் அதை ஒருபோதும் இடையில் நிறுத்தக்கூடாது. அது முடிந்தும் மூச்சு வாங்கினால், "நான் கல் வேலை செய்தவன்" என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கோத்ராவில் நடந்தது

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் அலிராஜ்பூர், ஜாபுவா என்னும் மாவட்டங்கள் உண்டு. அங்குள்ள ஆதிவாசிக் குடும்பங்கள் நம்மைப்போல் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். மழை பொய்த்தபோது பிழைப்புத் தேடி அயல் மாநிலமான குஜராத்துக்குப் போனார்கள். கோத்ராப் பகுதியில் படிகக்கல்லை மாவாக்கும் ஆலைகளில் வேலை கிடைத்தது. சில மாதங்கள் வேலை செய்து ஊர் திரும்பியவர்கள் மூச்சுத் திணறி ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். ஒரே வீட்டில் பலர் இறந்ததும் உண்டு.

2006ஆம் ஆண்டு இவ்விடயம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றது. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று இலட்சம் ரூபா வழங்கும்படி தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு 2010இல் குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதைக் கொடுக்கவே வேண்டும் என்று கட்டளையிட்டது. நீதி வந்தது, ஆனால் அந்த 238 பேரும் அதைக் காணவில்லை.

பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. சமையலறை மேசைகளுக்குப் பயன்படும் செயற்கைக் கற்பலகைகளை வெட்டிய இளைஞர்கள் பலர் அவுஸ்திரேலியாவில் நோயுற்றதால், 2024 யூலை முதலாந் திகதி அந்நாடு அப்பலகைகளைத் தடை செய்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இச்செய்தியைச் சொல்லி அனுப்புவோம்.

நாம் செய்ய வேண்டியவை

"அந்த வேலையை விட்டுவிடு" என்று சொல்வது எளிது. அடுப்பில் உலை ஏற வேண்டுமே! ஆகவே வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடியவற்றை முக்கியத்தின்படி சொல்கிறோம்.

1. முதலில் தண்ணீர். நனைந்த கல் தூசியை மிகக் குறைவாகவே எழுப்பும். உடைக்குமுன் கல்லை நனையுங்கள். துளைக்கும் இடத்திலும் வெட்டும் இடத்திலும் தண்ணீர் தொடர்ந்து விழ வேண்டும். மின்சார யந்திரமானால் தண்ணீரோடு பயன்படுத்தவென்று செய்யப்பட்டதையே பயன்படுத்துங்கள். காய்ந்த தரையை ஒருபோதும் கூட்டாதீர்கள், நனைத்துக் கூட்டுங்கள்.

2. காற்றுக்கு முதுகு. காற்று வரும் பக்கத்தில் இருந்து, தூசி உங்களைவிட்டு அப்பால் போகும்படி வேலை செய்யுங்கள். நெருங்கி உட்காராமல் இடம்விட்டு உட்காருங்கள்.

3. ஆலைகளில் மூடியும் உறிஞ்சியும். அரைக்கும் யந்திரத்தை மூடி, தூசியை உறிஞ்சும் குழாய் பொருத்துவது முதலாளியின் கடமை. தனியாகக் கேட்டால் வேலை போகலாம். பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

4. அதன் பின்பே முகமூடி. வாயில் கட்டும் துவாயும் லேஞ்சியும் நுண்தூசியைத் தடுக்காது. என்-95 வகை முகமூடி தடுக்கும். அதுவும் முகத்தோடு இறுகப் பொருந்தினால் மட்டுமே. தாடி இருந்தால் ஓரத்தால் தூசி புகும். நனைந்தால் அல்லது மூச்சுவிடக் கடினமானால் மாற்றுங்கள்.

5. தூசியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வேலை உடுப்பை உதறாமல் நனைத்துத் துவையுங்கள். பிள்ளையைத் தூக்குமுன் குளியுங்கள். தூசி எழும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கர்ப்பிணிகளும் அங்கே நிற்க வேண்டாம்.

6. புகைப்பதை நிறுத்துங்கள். தழும்பேறிய நெஞ்சுக்குப் பீடியும் சுருட்டும் இன்னொரு சுமை.

மருத்துவமும் சட்டமும்

கல் வேலை செய்யும் ஒவ்வொருவரும், நோய் இல்லாதபோதே, மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் நெஞ்சைக் காட்டி வைத்தியரின் ஆலோசனைப்படி எக்ஸ்ரே எடுப்பது நல்லது. படங்களையும் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலிடத்துத் தூசியைப் பற்றியும் பேசுகிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு மட்டுமன்றித் தொழிலால் வரும் நோய்களுக்கும் நட்டஈடு கேட்க வழி செய்கிறது. தொழில் திணைக்களத்தில் இதுபற்றி விசாரிக்கலாம். ஆனால் சட்டம் சான்று கேட்கும். ஆகவே வீட்டில் ஒரு கொப்பி வைத்திருங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எங்கே, யாரிடம், என்ன வேலை, யார் கூட இருந்தார்கள் என்று எழுதுங்கள். சம்பளத் துண்டு இருந்தால் அதில் ஒட்டுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும்.

அந்தத் தாய்க்கு நாம் இப்போது சொல்வது இதுதான்: அம்மா, அவரை மீண்டும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்தைப் பற்றிப் பேசுமுன் கல்லைப் பற்றிப் பேசுங்கள். பழைய தழும்பை எவராலும் அழிக்க முடியாது. ஆனால் புதுத் தூசி சேராமல் தடுக்கலாம். காசநோய் திரும்பினால் காலத்தோடு பிடிக்கலாம். உங்கள் மகனும் அதே கல்லின் முன் உட்கார்ந்திருந்தால், இன்றே அவன் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரை வையுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம் குடும்பங்களில் தூசி எழும் வேலை செய்பவர் யார்? எத்தனை ஆண்டுகளாக?
2. அவ்விடத்தில் தண்ணீர் உண்டா? இல்லையேல் எங்கிருந்து கொண்டுவரலாம்?
3. முதலாளியிடம் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரு மாற்றம் எது? யார் யார் போவது, எப்போது போவது?