எந்த ரெக்வியம் நல்ல பதிவு?

கேள்வி: மோட்சார்ட்டின் ரெக்வியத்துக்கு எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன. எது நல்லது என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில்: முதலில் கீரியே பகுதியைக் கேளுங்கள். இரண்டு கருக்கள் நான்கு குரல்களுக்குள் ஒன்றையொன்று துரத்தும் இரட்டை ஃபியூக் அது. ஆல்ட்டோ எங்கே நுழைந்தது, டெனர் எங்கே நுழைந்தது என்று காது பிரித்தறிய வேண்டும். வேகமான ஓட்டங்கள் பிருகா மாதிரி மணிமணியாக உதிர வேண்டும். சோப்ரானோ மட்டும் பளிச்சென்று ஒலித்து மற்றதெல்லாம் குழைந்துபோனால் அந்தப் பதிவு வேண்டாம்.

அடுத்து லாக்ரிமோசா. 1791 டிசம்பரில் மோட்சார்ட் இறந்தபோது அதில் முதல் 8 பார்கள்தான் எழுதப்பட்டிருந்தன. முடித்துக் கொடுத்தவர் அவருடைய மாணவர் சூஸ்மையர். அந்த 8 பார்களுக்குள்ளேயே சோப்ரானோ படிப்படியாக மேலேறுகிறது, கூடவே ஒலியும் பெருகுகிறது. முதல் அடியிலேயே உரக்கப் பாடிவிட்டால் ஏறுவதற்கு இடமேது? அழுகையைப் பிழிந்தெடுக்கும் நடத்துநர்களை என்னால் பொறுக்க முடிவதில்லை.

தனிப்பாடகர்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். இது கோரஸின் படைப்பு. மோட்சார்ட் முடிக்காமல் விட்டதைப் பலர் பலவிதமாக முடித்திருப்பதால், உறையில் எந்தப் பதிப்பு என்பதை மட்டும் பாருங்கள். நடத்துநர் ஹாக்வுட் பயன்படுத்திய மாண்டர் பதிப்பில் சாங்க்டஸ் பகுதியே கிடையாது.

கார்ல் பேம் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு 1971-இல் செய்த பதிவு நிதானமானது, கனமானது. லாக்ரிமோசாவுக்கு அதையே எடுப்பேன். ஆனால் கீரியேயில் அந்தக் கனமே சுமையாகிவிடுகிறது. ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால், பழைய காலத்து வாத்தியங்களோடு மான்டெவெர்டி கோரஸ் பாடிய கார்டினர் பதிவை வாங்குங்கள்.