கல்யாண மித்திரர்

நன்னெறி காட்டும் நம்பிக்கைக்குரிய அன்பரைப் பௌத்த நூல்கள் கல்யாண மித்திரர் என்று கூறும். அவர் நம் உயர்வில் தம் பயனை நாடாதவர். நம் குறையைப் பிறரிடம் தூற்றாது, தனித்திருக்கையில் நம்மிடமே எடுத்துரைப்பவர்.

பம்பாயில் ஆசிரியராயிருந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் அத்தகையவர். பூங்காவில் அமர்ந்து படித்துவந்த ஏழை மாணவரொருவரை அன்புடன் அணுகி, நூல்கள் ஈந்தார். அம்மாணவர் தேர்வொன்றில் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் இயற்றிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னர்ப் பரோடா மன்னரிடம் பரிந்து பேசி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கச் செய்தார். அம்மாணவரே அண்ணல் அம்பேத்கர்.

அப்பரிசு வீண்போகவில்லை. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில், லட்சக்கணக்கான மக்களுடன் அண்ணல் பௌத்தம் தழுவினார். புத்தரையும் தம்மத்தையும் பற்றி அவர் இயற்றிய நூல், அவர் மறைந்தபின் 1957-இல் வெளிவந்தது. அந்நூலுக்கென 1956-இல் எழுதிய முன்னுரையில் கேளுஸ்கரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். ஒருவருக்குக் கிடைத்த நூல், பல்லாண்டு கழித்துப் பல்லோர்க்கும் நூலாயிற்று.

ஆதலின் நன்றி என்பது வாய்ச்சொல் மட்டுமன்று. ஆலையில் அறுந்த இழையை இணைக்க நமக்குக் கற்பித்த முதியவர் இன்று உயிரோடில்லை. அவருக்கு நாம் எதைத் திருப்பிச் செலுத்துவது? அவர் நம்மிடம் காட்டிய பொறுமையை, புதிதாய் வேலைக்கு வந்து கைநடுங்கி நிற்கும் இளைஞனிடம் காட்டுவதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

அன்பர்காள்! படிக்க இடமின்றித் தவிக்கும் பிள்ளை நம் தெருவில் எவ்வீட்டில் உளது? இன்றே அறிவோமாக.