வேகம் இருந்தும் குரல் ஏன் வெட்டுகிறது?

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். மண்டிக்குள் டவர் சரியாகக் கிடைக்காததால், வைஃபையில் வாட்ஸ்அப் கால் போட்டுத்தான் வெளியூர் வியாபாரிகளிடம் விலை பேசுகிறேன். காலையில் வரத்து நேரத்தில் நான் பேசுவது அவர்களுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறது. அவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. மதியத்துக்கு மேல் தொல்லையே இல்லை. 100 எம்பிபிஎஸ் பிளானை 300க்கு மாற்றினால் சரியாகுமா?

— ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: பணத்தைச் செலவழிக்காதீர்கள். ‘காலையில் மட்டும்’, ‘நான் பேசுவது மட்டும்’ என்று இரண்டு நல்ல துப்புகளை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

முதலில் வேகம். ஒரு குரல் அழைப்புக்கு 0.1 எம்பிபிஎஸ் தாராளம். உங்களிடம் ஏற்கெனவே அதைப்போல ஆயிரம் மடங்கு இருக்கிறது. குரலுக்கு முக்கியம் நேரம் தவறாமை. போன் உங்கள் பேச்சைப் பொதுவாக 20 மில்லிநொடித் துண்டுகளாக்கி, நொடிக்கு ஐம்பது வீதம் அனுப்புகிறது, இவைதான் பாக்கெட்டுகள். யூடியூப் அடுத்து வரும் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் இன்னும் பேசாததை யார் இறக்கி வைப்பது? அதனால் பிந்தி வரும் பாக்கெட் பயன்படாமல் போகிறது. பாக்கெட்டுகள் வந்துசேரும் இடைவெளி இப்படிக் கூடிக் குறைவதற்கு ‘ஜிட்டர்’ என்று பெயர். ஸ்பீடு டெஸ்டின் பெரிய எண்ணில் இது தெரியாது.

இனி துப்புகள். போனில் தெரியும் வைஃபை கோடுகள், ரவுட்டரின் அலை போனுக்கு எவ்வளவு எட்டுகிறது என்பதைத்தான் காட்டும். போன் அனுப்பும் அலை பெரும்பாலும் ரவுட்டருடையதைவிட வலுக்குறைந்தது. காலையில் இரண்டுக்கும் நடுவே கிரேடுகள் அடுக்கப்படுகின்றன. தக்காளியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தண்ணீர் வைஃபை அலையை உறிஞ்சும். போகாத பாக்கெட்டைப் போன் திரும்பத் திரும்ப அனுப்ப, தாமதம் ஏறுகிறது.

இன்னொரு சந்தேகம் அப்லோடு. சிசிடிவி கேமராவும் லோடு போட்டோக்களும் மேலே ஏறும்போது, குரல் வரிசையில் நிற்கும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, காலை நேரத்தில், நீங்கள் பேசும் இடத்திலேயே லேப்டாப்பை வைஃபையில் இணைத்து ‘பிங்’ போடுங்கள். சிறு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அளக்கும் கட்டளை இது. முதலில் ரவுட்டருக்கு, அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு.

ரவுட்டருக்கே 3, 90, 250 என்று எண் தாவினால், கோளாறு மண்டிக்குள் இருக்கிறது. ரவுட்டரைக் கிரேடு அடுக்கும் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்துவதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் எட்டாவிட்டால், லேன் வயர் இழுத்து, பேசும் இடத்தருகே இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். வயரில்லாத ரிப்பீட்டர் வேண்டாம். கேட்டதையே மறுபடி ஒலிபரப்பி அது நெரிசலைக் கூட்டும்.

ரவுட்டர் சீராக இருந்து, வெளி முகவரிக்கு மட்டும் எண் தாவினால், சந்தேகம் அப்லோடு மேல். வரத்து நேரத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். சரியானால், ரவுட்டரில் ‘க்யூஓஎஸ்’ அமைப்பில், அதாவது எந்தப் பாக்கெட் முதலில் போகலாம் என்ற முன்னுரிமையில், குரலுக்கு முதலிடம் கொடுங்கள்.

இரண்டும் சீராக இருந்து, ஒரே ஒரு வியாபாரிக்கு மட்டும் குரல் வெட்டினால் கோளாறு அவர் பக்கம். விலை பேசி முடித்த பிறகு அவரிடம் சொல்லுங்கள்.