தீவைக் காக்கும் உயிர்ச்சுவர்

மாணவர்களே! நாவலூருக்குத் தென்கிழக்கே, கோவளம் கடற்கரையில் நின்று பாருங்கள். வங்கக் கடலின் அலைகள் நேரே மணலில் மோதுகின்றன. மழைக்காலத்தில் மணலை அள்ளியும் செல்கின்றன. அப்படியானால், கடலுக்குள் இருக்கும் சிறு மணல்தீவுகள் கரையாமல் நிற்பது எவ்வாறு?

விடை காணத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குச் செல்வோம். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. அங்கே பவள உயிரிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கூடு கட்டுகின்றன. தலைமுறை தலைமுறையாக அக்கூடுகள் சேர்ந்து பாறைத்தொடர் ஆகின்றன. அலை முதலில் அதில் மோதி வலுவிழக்கிறது. அதன் பின்னே மணலும் பவளத் துண்டுகளும் தங்கித் தீவாகின்றன.

இவற்றுள் பாம்பனை அடுத்த குருசடைத் தீவு உயிரியலாருக்குக் கருவூலம். முதுகெலும்பற்ற விலங்குகளுக்கும் முதுகுநாண் உள்ளவற்றுக்கும் உள்ள உறவைக் காட்டும் பலனோகிளாசஸ் புழு இங்கே மணலில் வாழ்கிறது. 1927இல் சென்னை அருங்காட்சியகம் இத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது.

ஆனால் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளப்பாறை பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது. விளைவு என்ன? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. 1986இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆயிற்று.

குருசடையைக் காண விரும்பினால் வனத்துறையின் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். பவளத்தை மிதிக்காதீர்கள், ஒரு துண்டும் எடுத்து வராதீர்கள். தீவின் சுவரிலிருந்து கல்லைப் பெயர்ப்பதற்கு அது சமம்.