கத்திரிக்கு ஒரு தனி டைம்டேபிள்

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டியவர்கள் யாரும் கண்ணில் படமாட்டோம். 'வெயில் தணியட்டும்' என்று முதலில் நடையை நிறுத்துவோம், பிறகு கோயிலை. பகலெல்லாம் ஃபேனுக்கடியில் புரண்டு படுத்துவிட்டு, ராத்திரி தூக்கமே வரவில்லை என்று புலம்புவோம். ஆனி மாதம் வெளியே வந்தால் முழங்கால் மடங்காது. இந்த வயதில் தசை கரைவது சுலபம். திரும்ப ஏறுவதுதான் பெரும்பாடு. மதுரையில் பள்ளிக்கூட மணியடிப்புக்கே வாழ்ந்து ஓய்வு பெற்றவள் நான். கோடையில் எதையும் நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும் என்பது என் கட்சி.

மே மாதம் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. ஐந்தேகாலுக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனால், வெயில் உறைப்பதற்குள் வீடு திரும்பலாம். மாலை நடை எனக்கு ஒத்துவரவில்லை. சூரியன் மறைந்த பிறகும் தார் ரோடும் சிமென்ட் சுவரும் பகலில் குடித்த சூட்டைக் கக்கிக்கொண்டேயிருக்கும். புதிதாக நடக்கத் தொடங்குபவர்கள் மாசியிலேயே தொடங்கிவிடுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். சித்திரை நடுவில் வீம்புக்குத் தூரத்தைக் கூட்டக் கூடாது.

மொட்டைமாடியை மறந்துவிடாதீர்கள். முதல் நாள் ராத்திரியே கூழ் கிண்டி மூடி வைத்துவிட்டு, விடிந்ததும் வேட்டியை விரித்து வடகம் பிழிந்தால், அது கைக்கு நல்ல பயிற்சி. என்னால் குந்த முடியாது. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் மேல் விரித்த துணியில் பிழிகிறேன். எதிர்வீட்டுப் பெண், "என்னக்கா, கடையில பாக்கெட் கிடைக்குமே" என்பாள். கிடைக்கும்தான், ஆனால் லீவுக்கு வந்த பேத்தி அச்சைப் பிடுங்கிக்கொண்டு போடும் சண்டை பாக்கெட்டில் கிடைக்காது. எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க மறுபடி ஒரு தடவை மாடியேறலாம்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வயதானால் உடம்பில் நீர் குறைந்தாலும் தாகம் தெரிவதில்லை. அதனால் பீரியடுக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்திருக்கிறேன்; தண்ணீரோ நீர்மோரோ, காலையில் நீராகாரமோ. வாட்ஸ்அப்பில் வரும் 'தினமும் நாலு லிட்டர்' உபதேசத்தை நம்பாதீர்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உப்பும் சர்க்கரையும் இருப்பதால், பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் அதைத் தினசரி பானமாக்கிவிடக் கூடாது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பதும் தப்பு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பெண்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெளியே போனால் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து, கிளம்புவதற்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். மயங்கி விழுவதும் நீர்க்கடுப்பும் பாதி இதில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். எங்கே போவது என்பதை நான் கழிப்பறையை வைத்துத்தான் முடிவு செய்கிறேன், இதில் வெட்கம் என்ன?

அப்படித்தான் நத்தம் ரோட்டு நூலகம் என் பகல்பொழுதுக்கு வாய்த்தது. 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் அது. ஏசி, லிஃப்ட், கழிப்பறை எல்லாம் உண்டு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. வெயில் ஏறுமுன் குடையோடு போய், சாய்ந்த பிறகு திரும்பினால் நாளின் மிக மோசமான நேரம் அங்கேயே கழிந்துவிடும். எனக்குத் துணைக்கு ஓய்வு பெற்ற சில டீச்சர்கள். படிப்பது பாதி, படித்ததைப் பற்றி வெளியே வந்து வம்பளப்பது பாதி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சில சமயம் கணக்குக் கேட்கிறார்கள். நூலகம் தூரமென்றால், காற்றோட்டமுள்ள கோயில் மண்டபமும் கல் தரையும் மோசமில்லை.

மாத்திரைகளைப் பற்றி: சிறுநீரைக் கூட்டும் மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் கோடையில் உடம்பைச் சட்டென்று வாட்டிவிடும். தானாக நிறுத்தக் கூடாது. கோடைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் சூட்டில் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியும். வெயிலில் அது உடம்பில் வேகமாகச் சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்தலாம் என்பதைத்தான் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. கைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

தனியாக இருக்கும் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. காலை ஏழு மணிக்கு அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால், மதியம் மூன்றுக்கு இன்னொன்று. வரவில்லையென்றால் பக்கத்துவீட்டுக்காரரைக் கதவைத் தட்டச் சொல்வோம். உள்ளே இருப்பவர் அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால் உடனே 108. வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பை நனைத்து விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. எங்கள் பட்டியலில் ஒவ்வொருவர் பேருக்கு எதிரேயும் மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது என்றும் எழுதி வைத்திருக்கிறோம்.